கல்யாணம் ஆகாதவன் என்பதற்குச் சாட்சி

கல்யாணம் ஆனவன் என்று நிரூபிப்பது சுலபம். ஆல்பம் இருக்கும், மாமியார் இருப்பார், அதற்கு மேலும் சந்தேகம் என்றால் முகத்தைப் பார்த்தாலே போதும். ஆகாதவன் என்று நிரூபிப்பதற்குத்தான் நாய்படாத பாடு. அதிலும் பெங்களூர் காக்ஸ் டவுன் கத்தோலிக்கனாகப் பிறந்து, பெல்ஜியத்தில் குடியிருந்து, சரக்கு விமானம் ஓட்டிப் பிழைக்கிறவன் என்றால் கேட்கவே வேண்டாம்.

என் பெயர் ஜாய்சன். வயது முப்பத்தாறு. எட்டு வருஷமாக லியேஜ் என்ற ஊரில் ஜாகை. பைலட் என்று சொன்னால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் கண் விரியும். சரக்கு விமானம் என்றதும் விரிந்த கண் பாதி சுருங்கிவிடும். அப்படியென்றால் லாரி மாதிரியா என்று எதிர்வீட்டு சந்திரம்மா கேட்டார். லாரி மாதிரிதான், வழியில் டீக்கடை மட்டும் கிடையாது. நான் ஏற்றிப் போகாத பொருள் இல்லை. ரோஜாப்பூ, மருந்து, கார், பிறந்து ஒரு நாளான கோழிக்குஞ்சுகள் நாற்பதாயிரம், பந்தயக் குதிரை. குதிரை ஏறிய அன்று, திருப்பும்போதும் இறக்கும்போதும் மெதுவாக, மிரண்டுவிடும் என்று எங்களுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். மனிதர்களை ஏற்றிப் போகும் என் சிநேகிதர்களிடம் யாரும் அப்படி ஒரு தாள் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இந்த ஜனவரியில் கல்யாணம் செய்துகொள்வதற்காக லீவு போட்டுவிட்டு பெங்களூருக்கு வந்தேன். பெண் லவினா. பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவர்கள் பார்த்துச் சொன்ன இடம்தான், ஆனால் அதற்குப் பிறகு நாங்களாகவே போனில் பேசிப் பேசிப் பிடித்துப்போனது. ஒரே வயசு, என்ன பெரிய நீங்க என்று இரண்டாவது நாளே நீ வா போ என்று ஆரம்பித்துவிட்டாள். அவள் என்ன கேட்டாலும் அதற்கு மார்க் உண்டு என்பது போலவே இருக்கும். கல்யாணம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு என்னோடு லியேஜுக்கு வருவதாகப் பேச்சு.

எங்களில் கல்யாணம் நிச்சயமானால் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று பங்கு மக்கள், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள், எல்லோருக்கும் அறிவிப்பது. எங்கள் பங்கில் அதை வாசிக்கிறவர் என் அப்பா ரெமிஜியஸ். டெலிபோன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூசை முடிந்து சனங்கள் வண்டிச் சாவியைத் தேடுகிற நேரத்தில் மைக் அவர் கைக்கு வரும். இருபத்தேழு வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளுக்கு வாசித்த தொண்டை. தன் பிள்ளைக்கு வாசிக்கப் போகிறோம் என்று ஒரு வாரமாக மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார்.

தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வரைக்கும் காத்திருந்தால் என் லீவு போய்விடும். கையில் இருந்தவை நான்கு ஞாயிறுகள். வேண்டியவை மூன்று. தாராளம் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் அம்மாவும் ஃபாதர் லாயிடைப் பார்க்கப் போனோம்.

ஃபாதர் நல்ல மனிதர், ஆனால் சூடுபட்ட பூனை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவனுக்கு மூன்று ஓலையும் வாசித்து, பந்தலும் போட்டான பிறகு, முதல் மனைவியின் அண்ணன்மார் மூன்று பேர் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் பேசுவார். இருபத்தெட்டு வயது வரைக்கும் உன்னை எனக்குத் தெரியும், அதற்கு நான் பொறுப்பு, அதற்குப் பிறகு நீ வாழ்ந்த பங்கின் சாமியார் எழுதிக் கொடுக்கவேண்டும், இவனுக்கு இங்கே கல்யாணம் ஆகவில்லை என்று. அது வராமல் ஓலை கிடையாது என்றார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா திறந்துவிட்டார். அது என்ன பெரிய விஷயம், பிள்ளை ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், கோயில் அவன் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, அங்கே பாடகர் குழுவில்கூடப் பாடுகிறான், அந்தச் சாமியாருக்கு இவன் என்றால் உயிர், ஒரு போன் போட்டால் நாளைக்கே லெட்டர் வரும். அம்மா பெயர் பவுலின். வாழ்க்கையில் பொய் பேசாதவர். எல்லாம் நான் சொன்ன பொய்.

முதல் பொய் சின்னதுதான். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்து படுத்தவனை அம்மா போனில் எழுப்பி, பூசைக்குப் போனியாடா என்று கேட்டார். இல்லை என்றால் ஒரு மணி நேரம் பேச்சு, ஆமாம் என்றால் பத்து நிமிஷம். ஆமாம் என்றேன். அடுத்த ஞாயிறு எந்தக் கோயில் என்று கேட்டார், ஜன்னலில் ஒரு கோபுரம் தெரிந்தது, அதைச் சொன்னேன். அதற்கடுத்து யார் சாமியார், எப்படிப் பிரசங்கம், தமிழ் ஆட்கள் உண்டா. எட்டு வருஷத்தில் அந்தக் கோயிலுக்கு நான் ஒரு பாடகர் குழு, ஒரு தேர்த் திருவிழா, மூட்டுவலி உள்ள ஒரு சாமியார் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். அம்மா அந்த மூட்டுவலிக்காக ஜெபித்துக்கொண்டும் இருந்தார்.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பாதான் கஷாய டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இப்பவாவது அந்தக் கோயிலுக்குப் போன் போடு என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கோபுரத்தின் நம்பரைத் தேடினேன்.

ஒரு பெண் எடுத்தாள். பங்குச் சாமியாரோடு பேசவேண்டும் என்றேன். சிரித்தாள். கோயிலை மூடி ஆறு வருஷமாகிறதாம். உள்ளே இப்போது சுவர் ஏறிப் பழகும் ஜிம் நடக்கிறது. முதல் வகுப்பு இலவசம், வருகிறீர்களா என்று கேட்டாள். பீடம் இருந்த இடத்தில்தான் கயிறு கட்டியிருக்கிறார்களாம்.

அந்தப் பகுதிக்கு இப்போது யார் சாமியார் என்று விசாரித்ததில், ஃபாதர் பொனிஃபாஸ் என்று ஒருவர் கிடைத்தார். காங்கோ நாட்டுக்காரர். ஆள் பற்றாக்குறையால் ஏழு கோயில்களை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். குரலைக் கேட்டால் கார் ஓட்டிக்கொண்டே பேசுவது தெரிந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, உன்னை நான் பார்த்ததே இல்லையே தம்பி, பார்க்காதவனைப் பற்றி எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். நியாயம்தான். பிறகு ஒரு வழி சொன்னார். இந்த ஊரில் உன்னைத் தெரிந்த ஒரே ஒரு ஆளைச் சொல், நான் போய் விசாரிக்கிறேன், அது போதும்.

ஒரே ஒரு ஆள். அப்பாவின் பழைய டைரித் தாளில் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். கூட ஓட்டுகிறவர்கள்? ஒருவன் ஐஸ்லாந்து, ஒருவன் பிரேசில், ஒவ்வொரு முறையும் வேறு ஆள், விமானத்தை விட்டு இறங்கியதும் அவனவன் தன் ஊருக்குப் பறந்துவிடுவான். பதினெட்டு நாள் உலகத்தைச் சுற்றிவிட்டு எட்டு நாள் வீட்டுக்கு வருவேன், அந்த எட்டில் நான்கு தூக்கத்திலேயே போய்விடும். வீட்டுக்காரர்? ஈமெயிலில் மட்டும்தான் பழக்கம், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கீழ்வீட்டில் ஒரு வயதான அம்மாள். மாடிப்படியில் நான்கு முறை பார்த்திருப்பேன், ஐந்து என்றால் அதிகம். டாக்டர்? கம்பெனி டாக்டர், அவர் இருப்பது வேறு ஊரில். சிநேகிதர்கள் எல்லாம் போனுக்குள்ளே இருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. மூலைக் கெபாப் கடை.

அதை ஃபாதர் பொனிஃபாஸிடம் சொன்னேன். முகவரியை அனுப்பு, உன் போட்டோவையும் அனுப்பு என்றார்.

முதல் ஞாயிறு ஓலை இல்லாமல் போனது. அப்பா மைக்கில் வேறு இரண்டு பேருக்கு வாசித்தார், பிறகு ரத்ததான முகாம், பிறகு சைக்கிள் காணவில்லை. சனங்கள் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் வாசலில் பஃப்ஸ் சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கு ஒரு வெள்ளைக்காரி கிடைத்துவிட்டாள். மத்தியானத்துக்குள் அவளுக்கு ஒரு குழந்தை. சாயந்திரம் லவினாவின் அப்பா போன் செய்து, மரியாதையாகத்தான், லெட்டர் எப்போது வரும் தம்பி என்று கேட்டார். மண்டபத்துக்காரன் கேட்கிறான் என்று ஒரு சாக்கும் சொன்னார்.

அடுத்த ஞாயிறும் தவறினால் கல்யாணம் தவறும். திங்கட்கிழமை லவினா என்னை அல்சூர் ஏரிக்கரைக்கு வரச் சொன்னாள். ஸ்கூல் விட்டு நேரே வந்திருந்தாள், பையில் திருத்தாத விடைத்தாள் கட்டு. நான் கோயில் கதை, ஜிம் கதை, மூட்டுவலிச் சாமியார் கதை எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டுவலிக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"அங்க யாராச்சும் இருக்காங்களா ஜாய்? இருந்தா இப்பவே சொல்லிடு, நான் அழமாட்டேன்."

யாரும் இல்லை என்றேன்.

"யாருமேவா?"

யாருமே இல்லை என்றேன். நிம்மதியாவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு, சரி, லெட்டர் வரட்டும் என்று மட்டும் சொன்னாள். நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது. என் லட்சணம் தெரிந்துமா இப்படிச் சந்தேகம் என்ற எரிச்சலில் ஆட்டோக்காரரிடம் மீட்டருக்காக வீண் சண்டை போட்டேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அப்பா கஷாயத்தை நிறுத்திவிட்டார். சனிக்கிழமை பத்தரைக்கு ஃபாதர் லாயிட் கூப்பிட்டார். எல்லாரும் வாங்க, பொண்ணு வீட்டுக்காரங்களையும் வரச்சொல்லு என்றார். அவர் குரலில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பங்கு அலுவலகத்தில் ஒரு பக்கம் நான், அப்பா, அம்மா. எதிர்ப் பக்கம் லவினா, அவள் அப்பா. நடுவில் மேஜை, மேஜைமேல் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த ஒரு தாள்.

லெட்டர் ஆங்கிலத்தில் இருந்தது. ஃபாதர் லாயிட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் புரியட்டும் என்று வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

ஜாய்சன் என்பவரை எனக்கு நேரில் தெரியாது. அவர் தந்த முகவரிக்கு நானே போனேன். கீழ்வீட்டு மூதாட்டி, மேல்வீடு பல வருஷமாகக் காலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தெருமுனைக் கெபாப் கடைக்காரர் இஸ்மெத்துக்கும் இவர் பெயர் தெரியவில்லை. போட்டோ காட்டியதும் அடையாளம் சொன்னார். 'ஒன்று, வெங்காயம் இல்லாமல்' என்பதுதான் அந்தக் கடையில் இவருக்குப் பெயர். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் இரண்டாக வாங்கியதில்லை, கூட ஒரு ஆளோடு வந்ததில்லை என்று இஸ்மெத் தம் வேதத்தின்மேல் ஆணையிட்டுச் சொன்னார். ஒரு புதுவருஷத்தன்று, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கொடுத்தபோதும், இரண்டாவது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். என் இருபது வருஷக் குருத்துவத்தில் இதைவிட உறுதியான சாட்சியத்தை நான் கேட்டதில்லை. ஆகவே இவர் மணமாகாதவர் என்று சான்றளிக்கிறேன். சீக்கிரம் இவருக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்பது என் சொந்த வேண்டுகோள்.

முதலில் சிரித்தவர் ஃபாதர் லாயிட். பிறகு லவினாவின் அப்பா, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பாரம் இறங்கிய சிரிப்பு. நானும் சிரித்தேன், நல்ல வேளை வெங்காயம் பிடிக்காமல் போனது என்று ஒரு ஜோக்கும் அடித்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார், சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்பா ஓலை எழுதும் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். லவினா சிரிக்கவில்லை.

"அந்த ரெண்டாவத ஏன் திருப்பிக் குடுத்த?" என்று கேட்டாள்.

"யாருக்குக் குடுக்கறது?" என்றேன்.

சும்மா, கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அறையில் சிரிப்பு நின்றுபோயிற்று. எனக்கே என் குரல் கேட்டது. எட்டு வருஷம். அந்த ஊர்ச் சந்து பொந்தெல்லாம் எனக்குத் தெரியும், மழைக்காலத்தில் ஆறு எந்தப் படிவரை வரும் என்று தெரியும், அங்கே வரி கட்டுகிறேன். நான் செத்துக் கிடந்தால் கம்பெனிக்கு அடுத்த டியூட்டிக்கு ஆள் வரவில்லை என்பது தெரியும், இஸ்மெத்துக்கு ஒன்று குறைந்தது தெரியும், அவ்வளவுதான். முப்பத்தாறு வயது மாப்பிள்ளை, மாமனார் முன்னால், சாமியார் முன்னால், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லக்கூட வரவில்லை.

அப்பா நோட்டில் குனிந்து எழுதத் தொடங்கினார். எழுதும்போது முணுமுணுத்துக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். ஐரோப்பா, பெல்ஜியம் நாடு, லியேஜ் நகரில் வசிக்கும், காக்ஸ் டவுன் ரெமிஜியஸ், பவுலின் ஆகியோரின் மகன். அந்த முதல் மூன்று பெயர்களுக்காகத்தான் மனிதர் அத்தனை நாளும் கஷாயம் குடித்திருந்தார்.

"அங்கிள், அப்படி எழுதாதீங்க," என்றாள் லவினா.

அப்பா நிமிர்ந்தார். ஸ்பெல்லிங்கா என்று கேட்டார்.

"வசிக்கும்னு போடாதீங்க. அங்க இவன் வசிக்கல. தூங்கிட்டுத் தூங்கிட்டு வந்திருக்கான்."

அவள் அப்பா, லவி, சும்மா இரு என்றார். அவள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. விடைத்தாளில் தப்பைச் சுழிக்கிற மாதிரி என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு ஏரிக்கரைல யாருமே இல்லன்னியே, அப்பவே நம்பிட்டேன். அதான் பயமா இருந்துச்சு. அங்க ஒரு வெள்ளைக்காரி இருந்திருந்தாகூட சண்ட போட்டிருப்பேன், ஜெயிச்சிருப்பேன். யாருமே இல்லாத எடத்துல நான் யாரோட சண்ட போடறது? நீ பதினெட்டு நாளு குதிரைய ஏத்திக்கிட்டுச் சுத்துவ. நான் யாரப் பாத்துக்கிட்டு இருக்கணும், அந்தக் கோபுரத்தையா?"

கல்யாணம் வேண்டாம் என்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது. இறங்கும்போது ஒரு இன்ஜின் நின்றுபோன அனுபவம் எனக்கு உண்டு. அன்றைக்கு இந்த அளவு பயப்படவில்லை. என்ன செய்யவேண்டும் சொல், வேலையை விட்டுவிடவா என்றேன். இங்கே வந்து என்ன செய்வாய், சந்திரம்மா சொன்ன லாரி ஓட்டுவாயா என்று கேட்டாள். ஃபாதர் லாயிடுக்கு மறுபடி சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

பிறகு அவளே சொன்னாள். வருகிறேன். ஆனால் ஸ்கூலில் வேலையை விடமாட்டேன், ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவுதான் போடுவேன். போன மறுநாளே அந்தக் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டுவோம், நீயும் கூட வரவேண்டும், உன் பேரை நீயே சொல்லவேண்டும். அந்தக் காங்கோ சாமியாரைச் சாப்பிடக் கூப்பிடவேண்டும். ஒரு வருஷத்துக்குள் அந்தத் தெருவில் நாலு பேருக்காவது உன் பேர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், நீயும் கூட வருவாய்.

சரி என்றேன். எழுதித் தரவா என்றும் கேட்டேன். எழுதிக் கொடுப்பவர்களை எல்லாம் இந்த வாரம் பார்த்தாகிவிட்டது, வேண்டாம் என்றாள்.

அப்பா நோட்டில் எழுதியதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாகக் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரை வாங்கும்போதுகூட பெல்ஜியத்தைப் பேச்சில் சேர்த்து வாங்கிய மனிதர். பிறகு ஐரோப்பா முதல் வசிக்கும் வரை அடித்து ஒரு கோடு போட்டார், ஸ்கேல் வைத்து நேராக.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மைக் அவர் கைக்கு வந்தது. கஷாயம் குடிக்காத தொண்டை, முதல் வார்த்தையிலேயே கரகரத்தது. காக்ஸ் டவுன், ரெமிஜியஸ், பவுலின் ஆகியோரின் மகன் ஜாய்சன் என்று வாசித்துவிட்டு, லவினாவின் பெயரையும் அவள் பெற்றோர் பெயரையும் வாசித்தார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். யாரும் எழவில்லை. பெண்கள் பக்கத்தில் இருந்து அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்ன பிறகு அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் பாடகர் குழுவில் இருக்கும் வீணா ஆன்ட்டி அப்பாவை மடக்கிப் பிடித்துக்கொண்டார். ஓலையில் ஐரோப்பாவைக் காணோமே, பையனுக்கு வேலை போய்விட்டதா என்று சத்தமாகவே கேட்டார். சுற்றியிருந்தவர்கள் பஃப்ஸைக் கடிப்பதை நிறுத்தினார்கள். நானும்தான். அப்பாவுக்கு இந்த மாதிரிக் கேள்வி என்றால் ஒரு வாரம் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும்.

அவர் என் தோளில் கையைப் போட்டார். சின்ன வயதில்கூட அப்படிப் போட்டவர் இல்லை.

"வேல அங்கதாம்மா," என்றார். "ஆளு நம்ம பங்கு."